சங்க மேடையில் அரசியல் சாசனத்துக்கு இடமில்லையா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவினருக்கு,

பொங்கல் விழா தொடர்பாகச் செயலாளர் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் நடத்தவிருந்த 'நம்மைக் காக்கும் சட்டங்கள்' என்ற அரை மணி நேர நிகழ்ச்சி ரத்து. வாசலில் வாக்காளர் பதிவுக்காக நான் கேட்டிருந்த மேசை கிடையாது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி அறையில் பெரியவர்களுக்கு நடந்துவந்த குடியுரிமைத் தேர்வு வகுப்பையும் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்த வேண்டும். இத்தனைக்கும் காரணம் இரண்டே வரி: சங்கம் அரசியல் சார்பற்றது, வரிவிலக்குக்கு ஆபத்து வரும்.

குழுவில் இருக்கும் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். தலைவர் அண்ணனின் மகளும் என் மகனும் ஒன்றாக உட்கார்ந்து ஆத்திசூடி படித்தவர்கள். அதனால் நேரில் பேசியே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். "விடுங்கக்கா, எதுக்கு வம்பு" என்றுதான் பதில் வந்தது. சரி, எழுத்திலேயே கேட்டுவிடுகிறேன். மற்ற உறுப்பினர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில் வரிவிலக்கு. ஏனென்றால் நீங்கள் சொன்னதில் சட்டம் சம்பந்தப்பட்டது அது ஒன்றுதான். நம் சங்கம் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் கீழ் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு. தேர்தலில் நிற்கும் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவில் உள்ள தேர்தல் தடை. 1954-ல் அதைக் கொண்டுவந்தவர் நம் டெக்சாஸ்காரர்தான், அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன். எது பிரசாரம், எது பிரசாரம் இல்லை என்று வருமான வரித் துறை 2007-ல் ஒரு விளக்கம் வெளியிட்டது. 2007-41 என்று எண். அதில் 21 உதாரணங்கள் இருக்கின்றன. முதல் உதாரணம் என்ன தெரியுமா? நம்மைப் போன்ற ஓர் அமைப்பு மாநிலத் திருவிழாவில் வாக்காளர் பதிவு மேசை போடுகிறது. பேனரில் அமைப்பின் பெயர், தேர்தல் தேதி, இங்கே பதிவு செய்யலாம் என்ற தகவல் மட்டும். வேட்பாளர் பெயரோ கட்சிப் பெயரோ யார் வாயிலும் வருவதில்லை. இது பிரசாரம் ஆகாது என்று துறையே எழுதியிருக்கிறது. நான் கேட்டது அச்சு அசலாக இதைத்தான். டெக்சாஸ் படிவத்தில் கட்சி எது என்ற கேள்விகூடக் கிடையாது.

அதே விளக்கத்தைத் தொடர்ந்து படித்தால், வேட்பாளரை மேடைக்கு அழைப்பது பற்றியும் வரும். ஒருவரை வேட்பாளர் என்ற முறையில் அழைத்தால், அதே பதவிக்கு நிற்கும் மற்றவர்களுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும். சங்கம் யாரையும் ஆதரிக்கிற சாயல்கூட வரக் கூடாது. இதைப் படித்தபோது எனக்குப் போன வருஷப் பொங்கல் ஞாபகம் வந்தது. மே மாத நகர்மன்றத் தேர்தலில் நின்றவர் நம் மேடையில் குத்துவிளக்கு ஏற்றினார், பொன்னாடை போர்த்திக்கொண்டார், தன் திட்டங்களைப் பற்றிப் பேசினார். எதிர்த்து நின்றவரை யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் அந்தப் படம், 'வெற்றி பெற வாழ்த்துகள்' என்ற வரியோடு. வரிவிலக்குக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள். வேட்பாளர் மேடையேறினால் அது மரியாதை, வாக்காளர் பதிவு செய்தால் அது அரசியல் என்றால் எனக்குப் புரியவில்லை.

தமிழ்நாட்டுத் தேர்தல் சமயத்தில் சங்கத்து வாட்ஸ்அப் குழு எப்படி இருக்கும் என்பதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இனி அசல் விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலையில் நம் பிள்ளைகள் ஒரு வாடகைக் கட்டடத்தில் உட்கார்ந்து 'அறம் செய விரும்பு' என்கிறார்கள். இந்த நாட்டில் அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் தடை சொன்ன காலம் ஒன்று இருந்தது. முதல் உலகப் போரின் சூடு ஆறாத 1919-ல் நெப்ராஸ்கா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைக்கு ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழியைப் பள்ளியில் சொல்லித்தரக் கூடாது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, சர்ச் நடத்தும் பள்ளி எதற்கும் விலக்கு இல்லை. குறி ஜெர்மன் மொழியின் மேல்.

1920 மே மாதம் ஹாம்ப்டன் என்ற சின்ன ஊரில், ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மன் பைபிளிலிருந்து ஒரு கதையைப் படிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது கவுண்டி (அதாவது மாவட்ட) வழக்கறிஞர் வகுப்புக்குள் நுழைந்தார். மேயர் நினைத்திருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறியிருக்கலாம். மாறவில்லை. 25 டாலர் அபராதம் போட்டார்கள். அதையாவது கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதையும் செய்யவில்லை. மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்று, வாஷிங்டன்வரை போனார். 1923 ஜூன் 4-ம் தேதி தீர்ப்பு வந்தது. தன் மொழியைச் சொல்லித்தர ஆசிரியருக்கு உள்ள உரிமையும், பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லப் பெற்றோருக்கு உள்ள உரிமையும் அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தம் காக்கும் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். அந்தத் தீர்ப்பை எழுதிய மக்ரெனால்ட்ஸ் ஒன்றும் தாராள மனசுக்காரர் இல்லை. சக நீதிபதி பிராண்டைஸ் யூதர் என்பதற்காக அவரிடம் முகம்கொடுத்துப் பேசாதவர். அவர் கையாலேயே இப்படி ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது.

நீங்கள் ரத்து செய்த நிகழ்ச்சியின் முதல் காட்சி இந்த வகுப்பறைதான். மேயராக நடிக்கவிருந்த நான்காம் வகுப்புப் பையன், வழக்கறிஞர் உள்ளே வரும் இடத்தில் தலையைக்கூடத் தூக்காமல் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று அவனாகவே முடிவு செய்து வைத்திருந்தான். ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்து தலையைத் தூக்கிவிடுவான். இதில் எந்தக் கட்சி இருக்கிறது?

அதே 1923-ல், அதே நீதிமன்றம், பிப்ரவரி மாதத்தில் வேறொரு தீர்ப்பும் கொடுத்தது. இது நேராக நம்மைப் பற்றியது. 1790-லிருந்தே வெள்ளையர்தான் இந்த நாட்டில் குடியுரிமை பெற முடியும் என்று சட்டம் இருந்தது; உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள், அவ்வளவுதான். பஞ்சாபிலிருந்து வந்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த பகத் சிங் திண்ட் குடியுரிமை கேட்டார். அவர் தரப்பு வைத்த வாதம் நமக்குச் சங்கடமானது: தான் ஆரிய வம்சம், உயர்சாதி, ஆகவே வெள்ளையர். சாதிப் பெருமையைச் சீட்டாகக் காட்டி உள்ளே நுழையப் பார்த்தார்கள். சாதாரண அமெரிக்கன் வெள்ளையர் என்று யாரை நினைக்கிறானோ அவர்தான் வெள்ளையர், நீங்கள் இல்லை என்று நீதிமன்றம் கதவைச் சாத்தியது. அதோடு விடவில்லை. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க ஆரம்பித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அப்படிப் பறிகொடுத்தவர்களில் ஒருவர். கடையையும் சொத்தையும் விற்க வேண்டி வந்தது. ஊருக்குப் போய்வர அமெரிக்க பாஸ்போர்ட்டும் இல்லை. 1928-ல் தற்கொலை செய்துகொண்டார்.

இந்த நிலை கொஞ்சம் மாறியது 1946-ல். வருஷத்துக்கு 100 இந்தியர் வரலாம், இருப்பவர்கள் குடியுரிமை பெறலாம் என்று லூஸ்-செல்லர் சட்டம் வந்தது. நூறே நூறு பேர். அந்தச் சட்டத்தின் பெயரில் இருக்கும் இமானுவேல் செல்லரை நம் சங்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? புரூக்ளினிலிருந்து 1923-ல் காங்கிரஸுக்குப் போய் ஐம்பது வருஷம் இருந்தவர். 1924-ல், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் குடியேறலாம் என்று வரம்பு வைத்த நாடுவாரி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோது, புது உறுப்பினராக இருந்தும் எதிர்த்துப் பேசினார். நாற்பது வருஷம் கழித்து, நீதித்துறைக் குழுவின் தலைவராக 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்தைக் கீழவையில் நகர்த்தியவரும் அவரே. 1965-ல் அந்த ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. தோலின் நிறத்தை வைத்து உணவகத்தில் இடம் மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, பிறந்த நாட்டை வைத்து வாசலில் இடம் மறுப்பது எப்படி என்ற கேள்வி அன்று தானாக எழுந்தது. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அக்டோபர் 3-ம் தேதி குடியேற்றச் சட்டம். இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர் ஜனாதிபதி ஜான்சன், மேலே சொன்ன அதே டெக்சாஸ்காரர். ஒரு நாட்டுக்கு வருஷம் 20,000 பேர்வரை வரலாம் என்றானது. நம்மில் முதலில் வந்த மருத்துவர்களும் பொறியாளர்களும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். அந்த வாசலைத் திறக்கவைத்தவர்கள் அலபாமாவின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்து போலீஸ் தடியடி பட்ட கறுப்பின மக்கள். 'நாங்கள் படித்து, உழைத்து வந்தோம்' என்று நாம் மேடையில் சொல்லிக்கொள்கிறோமே, அதில் இந்த அத்தியாயம் விடுபட்டுப்போகிறது.

இந்தப் போராட்டத்தில் நம்மவர் யாருமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1958-ல் பெர்க்லிக்குப் படிக்க வந்த சியாமளா கோபாலன் அங்கே சிவில் உரிமை ஊர்வலங்களில் நடந்தவர். பெயரைச் சொன்னதுமே கட்சி என்பீர்கள். அவர் மகள் கமலா ஹாரிஸ் எந்தக் கட்சி என்பது வேறு விஷயம். அம்மா நடக்கத் தொடங்கியபோது அந்த மகள் பிறக்கவேயில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் கன்னியாகுமரிவரை வந்துபோனவர். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில், தலித் பிள்ளைகள் முன்னால், தன்னையும் ஒரு தீண்டத்தகாதவர் என்றே தலைமை ஆசிரியர் அறிமுகம் செய்ததையும், முதலில் அதிர்ந்துபோய், பிறகு ஆமாம் நானும் அப்படித்தான் என்று தான் உணர்ந்ததையும் 1965-ல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். பிள்ளைகளின் இரண்டாவது காட்சி அது.

'நாங்களெல்லாம் விசாவில் இருப்பவர்கள், ஓட்டும் கிடையாது, எங்களுக்கு எதற்கு இது' என்று குழுவில் இரண்டு தம்பிகள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்குத்தான் இது முதலில் வேண்டும். 1880-களில் சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த அனுமதி கேட்ட சீனர்கள் இருநூறு பேரையும் நகராட்சி நிராகரித்தது; சீனர் அல்லாதவர்களில் ஒரே ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கொடுத்தது. 1886-ல் யிக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: 14-வது திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பைக் குடிமகனுக்கு மட்டும் தரவில்லை, 'எந்த நபருக்கும்' தருகிறது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரும் அந்த நபர்தான்.

2025 ஜனவரி மறந்துவிட்டதா? தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புக் குடியுரிமை இல்லை என்று ஜனாதிபதி ஆணை வந்த இரவு, நம் வாட்ஸ்அப் குழுவில் என்ன பாடு! ஆணை நடைமுறைக்கு வர முப்பது நாள் இருக்கிறது, அதற்குள் குழந்தையை எடுத்துவிடலாமா என்று சிசேரியனைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பயத்தில் கேட்டதுதான், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1898-லேயே வாங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர், சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், இதே கேள்விக்காக உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்திருக்கிறார், இந்த ஆணை நீதிமன்றத்தில் மோதப்போவது அந்தத் தீர்ப்போடுதான் என்று எடுத்துச் சொல்ல அந்த நள்ளிரவில் குழுவில் ஆள் இல்லை. மறுநாள் முழுக்க ஃபார்வர்டுகள்தான் ஓடின. அரசியல் வேண்டாம் என்று நாம் கதவைப் பூட்டிக்கொண்டால் அது பிரசவ அறைக்கே வந்து நிற்கிறது.

இப்போது மேசைக்கு வருகிறேன். என் அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், ஆங்கிலம் வராது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டி, கிரீன் கார்டோடு பதினைந்து வருஷம் இங்கே இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அரசாங்கம் பற்றிய கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம். அப்படித் தமிழில் பதில் சொல்லித்தான் அம்மா குடியுரிமை பெற்றார். முதல் முறை ஓட்டுப் போடப் போனபோது நானும் கூடப் போனேன். வாசலில் இருந்த பெண்மணி, "நீங்கள் உள்ளே வரக் கூடாது, வாக்குச்சீட்டு ரகசியம்" என்று என்னை நிறுத்திவிட்டார். அம்மா உடனே, "வேண்டாம்மா, வீட்டுக்குப் போயிடலாம், வரிசையில் எல்லாரும் பார்க்கறாங்க" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறார். அம்மாவுக்கு அது அவமானம். பின்னால் நின்றவர்களுக்கு நாங்கள் இடைஞ்சல்.

நான் நகரவில்லை. வாக்குரிமைச் சட்டத்தின் 208-வது பிரிவைச் சொன்னேன். 1982-ல் சேர்த்தது. கண் தெரியாதவர், உடல் இயலாதவர், எழுதப் படிக்க முடியாதவர் யாரும் தனக்குப் பிடித்த ஒருவரை வாக்குப்பதிவுக்குத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வேலை கொடுக்கும் முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. சாவடிப் பொறுப்பாளர் கவுண்டிக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டு, என்னிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, இருவரையும் இயந்திரத்துக்கு அனுப்பினார். நான் ஒவ்வொரு பெயராகப் படிக்க, அம்மா தானே விரலால் தொட்டுத் தேர்ந்தெடுத்தார். நீதிபதி பதவிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போக, "இத்தனை ஜட்ஜையும் நம்மளா தேர்ந்தெடுக்கணும்?" என்று நடுவில் நிமிர்ந்து கேட்டார். நியாயமான கேள்விதான்.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. 2014-ல் இதே டெக்சாஸில், வில்லியம்சன் கவுண்டியில் வங்காளி பேசும் ஓர் அம்மா மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். மகன் பக்கத்துக் கவுண்டியின் வாக்காளர் என்பதால் மொழிபெயர்க்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அப்படி ஒரு மாநிலச் சட்டம் இருந்தது. வழக்கு நடந்தது. 2017-ல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 208-வது பிரிவுக்கு எதிராக அந்த மாநிலச் சட்டம் செல்லாது என்றது. இந்தச் செய்தி தெரியாமல் நம் ஊரில் எத்தனை அம்மாக்கள் வாசலோடு திரும்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மேசையில் நான் செய்வது மிகச் சின்ன வேலை. கவுண்டி எனக்குக் கொடுத்திருக்கும் தன்னார்வப் பதிவாளர் சான்றிதழோடு உட்காருவேன். படிவம் நிரப்பியதும் ரசீது கிழித்துக் கொடுப்பேன். ஐந்து நாளுக்குள் கவுண்டி அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும். டெக்சாஸில் புதிதாகப் பதிவு செய்ய இணைய வழி கிடையாது, காகிதம்தான். தேர்தலுக்கு 30 நாள் முன்னால் முடிந்துவிடும். கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தல் மார்ச்சில் என்றால் பிப்ரவரித் தொடக்கத்திலேயே கதவு சாத்திவிடும். அதற்கு முன் நம் மக்கள் நூற்றுக்கணக்கில் ஒரே கூரைக்கீழ் வரும் நாள் பொங்கல் விழாதான். இன்னொன்றும் உண்டு. நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது "சிட்டிசன் ஆயாச்சா?" என்பதைத்தான். கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்த ஓர் அத்தை, வேறோர் இடத்தில் யாரோ நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போடப்போனவரைத் தடுத்திருக்கிறேன். தெரியாமல் போட்டாலும் பின்னால் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகிவிடும். அப்படி ஒருவரைத் தடுக்கவும் மேசையில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குத் தேர்வு மாறிவிட்டது: 128 கேள்விகள் படிக்க வேண்டும், 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். அறுபத்தைந்து வயதைக் கடந்து இருபது வருஷம் கிரீன் கார்டில் இருந்தவர்களுக்குக் குறைவான பட்டியல். யாருக்கு எது என்பதிலேயே பெரியவர்கள் குழம்பிப்போகிறார்கள். இந்த நேரம் பார்த்து வகுப்பை மூடியிருக்கிறீர்கள். முதல் திருத்தம் தரும் உரிமைகளில் ஒன்றைச் சொல் என்று கேட்டால், 'கூட்டம் போடற உரிமை, அதான் நம்ம சங்கம்' என்று பதில் சொல்லும் ஒரு தாத்தா அந்த வகுப்பில் இருக்கிறார். அவர் சொன்னது சட்டப்படியும் சரி. 1958-ல் அலபாமா மாநிலம், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பிடம் உறுப்பினர் பட்டியலைக் கொடு என்று நெருக்கியபோது, தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான் நம் உறுப்பினர் பட்டியலுக்கும் காவல்.

வேலையிடத்து விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சங்கத்தில் சிலருக்குத் தெரிந்ததுதான். பிறந்த நாட்டைக் காரணமாக வைத்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1964 சட்டத்தின் ஏழாம் பகுதி. நம் உறுப்பினர் ஒருவருக்கு அலுவலகத்தில் அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்து, பதவி உயர்வையும் மறுத்தார்கள். விசா அவர்கள் கையில் இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் கழித்து என்னிடம் வந்து கேட்டார். டெக்சாஸில் புகார் கொடுக்கக் கெடு மாநில ஆணையத்தில் 180 நாள், கூட்டாட்சி ஆணையத்தில் 300 நாள். இரண்டும் தாண்டிவிட்டிருந்தது. சங்கத்தின் ஆண்டு விழாக்களில் எல்லாவற்றுக்கும் வந்து பந்தி பரிமாறியவர் அவர். ஒரு விழாவிலாவது இந்த ஒரு வரியை யாராவது அவர் காதில் போட்டிருக்கலாம்.

இவ்வளவு எழுதிவிட்டு, கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்கிறேன். குடியுரிமை வகுப்பை வரும் சனிக்கிழமையே திரும்பத் தொடங்க அனுமதி வேண்டும். பலருக்கு நேர்காணல் தேதி வந்துவிட்டது, தள்ளிப்போட நேரமில்லை. பொங்கலன்று வாசலில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் வேண்டும். பேனரில் சங்கத்தின் பெயரும் தேர்தல் தேதியும் மட்டும் இருக்கும், வாசகத்தை முன்கூட்டியே உங்களிடம் காட்டிவிடுகிறேன். படிவங்கள் கவுண்டியிலிருந்து வருகின்றன, சங்கத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் அரை மணி நேரத்தை நிரலில் திரும்பச் சேர்க்க வேண்டும். நேரம் போதாது என்றால் குலுக்கல் பரிசைக் குறைத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

வேட்பாளர்களை மேடையேற்றுவது பற்றிச் சங்கம் எழுத்தில் ஒரு விதி வைக்க வேண்டும்: எல்லோரையும் அழைப்பது, அல்லது யாரையும் அழைக்காமல் இருப்பது. போன வருஷத்து ஃபேஸ்புக் பதிவை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். வரிவிலக்கில் சந்தேகம் இன்னும் இருந்தால், நம் கணக்குகளைப் பார்க்கும் கணக்காளரிடம் 2007-41 விளக்கத்தைக் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். அதன் நகல் ஒன்று உறுப்பினர்களுக்கும் வர வேண்டும்.

பதிலை விழாவுக்கு இரண்டு வாரம் முன்பாவது எழுத்தில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், சங்க விதிகள் ஓர் ஆயுள் உறுப்பினருக்குத் தரும் உரிமைப்படி, அடுத்த பொதுக்குழுவில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவருவேன். வழிமொழியக் கையெழுத்துகள் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர், தமிழ்ப் பள்ளித் தன்னார்வ ஆசிரியை